நாற்பது கிலோ கையடக்க ஆம்ப்

இரும்பு வார்க்கும் எங்கள் பவுண்டரியில் கண்ணால் பார்த்ததை யாரும் நம்ப மாட்டார்கள். எடைமேடை சொன்னால் நம்புவார்கள். வாசலில் தரையோடு தரையாகக் கிடக்கும் அந்த இரும்புப் பலகையின் மேல் ஏறாமல் ஒரு துரும்பு உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது. பழைய இரும்பு ஏற்றிய லாரியும் ஏறும், நாங்கள் வரும் சைக்கிளும் ஸ்கூட்டரும் ஏறும். எப்போதோ எவனோ சாப்பாட்டு டப்பாவில் பித்தளைத் துண்டு கடத்தினான் என்று வந்த விதி. உள்ளே வரும்போது ஒரு சீட்டு, வெளியே போகும்போது ஒரு சீட்டு. இரண்டிலும் ஒரே எடை இருந்தால் நீங்கள் யோக்கியர்.

இங்கே ஓய்வு பெறுகிறவருக்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதில் பெயருக்குக் கீழே அவர் ஆயுசில் வார்த்த இரும்பின் எடை இருக்கும். பதினோராயிரத்து நானூறு டன் என்று போட்ட சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருந்தார் ஒருவர். அவர் நெஞ்சுக்குள் எவ்வளவு மணல் போயிருந்தது என்பதை மட்டும் யாரும் நிறுக்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில்தான் கம்பிக்காரர் நானூறு கிராமில் ஒரு சாமான் கேட்டார்.

கம்பிக்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷம் அச்சுப்பெட்டிகளில் மணல் வாரிப் போட்டவர். பவுண்டரிக்குள்ளேயே இருக்கும் எங்கள் மனமகிழ் மன்றத்து இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர். அவருடைய கிட்டாரிலிருந்து வரும் சத்தம் நேராக ஸ்பீக்கருக்குப் போகாது. முதலில் காலால் மிதிக்கிற நாலைந்து சின்னப் பெட்டிகளுக்குள் நுழையும். ஒரு பெட்டி சத்தத்தைக் கரகரப்பாக்கும், இன்னொன்று எதிரொலிக்க வைக்கும். இவற்றுக்குப் பெடல் என்று பெயர். ஒரு பலகையில் வரிசையாகப் பதித்து வைத்திருப்பார். பெடல்களைத் தாண்டி வெளியே வருவது கொசு முனகல் அளவுதான். அதை ஊதிப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அவரிடம் ஒன்று இருந்தது. முப்பத்தொரு கிலோ. இரண்டு கைப்பிடிகளில் ஒன்று உடைந்தது. அதை வீட்டிலிருந்து மன்றத்துக்கும் மன்றத்திலிருந்து வீட்டுக்கும் அவரே சுமப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒத்திகைக்கு வரும்போது மன்றத்துப் படிக்கட்டில் அவர் முதுகில் ஏதோ ‘சொடக்’கென்றது. பெட்டியை வைத்துவிட்டு நிமிரப் பார்த்தார். பெட்டி மட்டும்தான் நேராக இருந்தது.

கம்பெனி டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்தார்: ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. கம்பிக்காரரை மணல் சோதனை அறைக்கு மாற்றி, ஒரு ஸ்டூலும் சல்லடையும் கொடுத்தார்கள். வீட்டில் தீர்ப்பு இன்னும் கடுமை. அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்.

“நாள் முழுக்க ஈரப் போர்வை தூக்குறேன். வீட்டுக்கு வந்தா உங்களத் தூக்குறேன். இன்னொரு தடவை அந்தப் பொட்டியில கை வச்சீங்க, கிட்டார் இந்த வீட்டுல இருக்காது. எடைக்குப் போட்டுருவேன்.”

“கிட்டாருக்கு என்னடி எடை இருக்கு?”

“உங்க முதுகுக்கு எவ்வளவு மதிப்பு குடுத்தீங்களோ, அவ்வளவு.”

அவர் சொன்னால் செய்வார். சந்தேகம் இருந்தால், ஒரு காலத்தில் கம்பிக்காரர் ஓட்டிய மோட்டார் சைக்கிளைப் பக்கத்துத் தெருவில் யார் ஓட்டுகிறார் என்று போய்ப் பார்க்கலாம்.

மெஷின் ஷாப்பில் ஃபிட்டராக இருக்கும் மச்சினன்தான் குழுவில் டிரம்ஸ். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை வாத்தியக் கடைக்குக் கூட்டிப்போனான். மன்றத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன, சுவரோடு போல்ட் போட்டு. ஊதிவிடத்தான் ஆள் வேண்டும். பெடல் பலகையிலேயே ஓர் ஓரமாக வைக்கிற மாதிரி இப்போது குட்டி ஆம்ப்கள் வருகின்றன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஐம்பது வாட் பெட்டியின் சத்தம், மச்சினன் டிரம்ஸில் ரெண்டு தட்டுத் தட்டியதும் காணாமல் போனது. இருநூறு வாட்டுக்குச் சத்தம் போதும். ஆனால் உள்ளே ஒரு குட்டி ஃபேன், மெதுவான பாட்டில் ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சு வாங்கியது. நடுவில் இருந்தது நூறு வாட். ஃபேன் கிடையாது. மன்றத்து ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகும். பாதிச் செங்கல் அளவு. எடை நானூறு கிராம்.

கம்பிக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தார்.

“என்ன மாமா, தாலாட்டுப் பாடப் போறீங்களா?”

“இல்ல மாப்ள. பத்தொன்பது வருஷமா எதத் தூக்கிட்டு அலைஞ்சேன்னு யோசிக்கிறேன்.”

அன்றைக்கே வாங்கி வந்திருப்பார். ஆனால் மன்றத்தில் ஒரு விதி உண்டு. பாதுகாப்பு ஸ்டிக்கர் இல்லாத எந்த மின்சாதனத்தையும் அங்கே சொருகக் கூடாது. கம்பெனி ஸ்டோர் வழியாக வந்த சாமானுக்கு மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பழைய பெட்டியில் பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒட்டியது இருந்தது. இப்போது அந்த ஸ்டிக்கர்தான் பெட்டி பிரியாமல் பிடித்து வைத்திருந்தது. ஆக, கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும்.

நலத்துறை அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். ஆறு பக்கம். முதல் கட்டம்: எடை, டன்னில். கம்பிக்காரர் மணல் சோதனை அறைக்கு எடுத்துப்போய், கூட்டிக் கழித்து, 0.0004 என்று எழுதினார். அடுத்த நாள் படிவம் திரும்பி வந்தது. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்தான் அனுமதி. 0.00 என்று திருத்தி எழுதிக் கொடுத்தார். அதற்கு அடுத்த நாள் நலத்துறை அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

நலத்துறை அதிகாரி நல்ல மனிதர். அதை அவரே அடிக்கடி சொல்வார். மேசையில் ஒரு வார்ப்பிரும்பு மாதிரிச் சக்கரத்தைக் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தார். அந்த அறையில் ஃபேன் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“என்னப்பா, ஒண்ணுமே வேணாம்னு எழுதியிருக்கே?”

“இல்ல சார், ஆம்ப் வேணும்.”

“எடையில பூஜ்யம் போட்டிருக்கியே. பூஜ்யத்த நான் எப்படி வாங்கிக் குடுக்கிறது?”

“சின்னது சார். நானூறு கிராம்.”

அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இங்க பாரு. நான் தொழிலாளி பக்கம் நிக்கிறவன். நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவான்? இருபத்திரண்டு வருஷம் உழைச்சவனுக்கு நானூறு கிராம்தான் குடுத்தாங்கன்னு சொல்லுவான். அது எனக்குத்தானே அசிங்கம்? நீ பெருசா கேளு. நான் போராடி வாங்கித் தர்றேன்.”

“பெருசு என்கிட்ட இருக்கு சார். அதனாலதான் சின்னது கேக்கிறேன்.”

“உனக்கு ஆசைப்படவே தெரியல” என்று வருத்தப்பட்ட அதிகாரி, ஒலிப்பெருக்கச் சாதனத் தேர்வுக் குழு என்று ஒன்றை அமைத்தார். அவர் தலைவர், பாதுகாப்பு அதிகாரி உறுப்பினர், ஸ்டோர் கீப்பர் உறுப்பினர். சத்தத்தைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது, இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று முதல் கூட்டத்தில் முடிவு செய்தார்கள்.

விதிப்படி மூன்று சாதனங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதலாவது, கம்பிக்காரர் கேட்ட பாதிச் செங்கல், கடைக்காரர் பார்வைக்கு அனுப்பியது. இரண்டாவது, அறிவிப்பு செய்யும் இருபத்தாறு கிலோ பெட்டி, ஸ்டோர் கீப்பருக்குத் தெரிந்தவர் ஒருவர் கூட்டம் நடத்திவிட்டு மிச்சம் வைத்திருந்தது. மூன்றாவது, ஊர்வலங்களில் வாயில் வைத்துக் கத்துகிற குழாய். அதில் கைப்பிடி இருந்ததால் அதுவும் கையடக்கம் என்று ஸ்டோர் கீப்பர் சேர்த்துக்கொண்டார்.

சோதனை மன்றத்தில் நடந்தது. பாதுகாப்பு அதிகாரி சத்தம் அளக்கும் கருவியோடு வந்து மூன்றுக்கும் முன்னால் நின்றார்.

“சொருகுங்க” என்றார்.

“சொருகக் கூடாது சார்” என்றார் மன்றத்து எலெக்ட்ரீஷியன். “மூணுலயும் ஸ்டிக்கர் இல்ல.”

“ஒட்டுங்க.”

“தேர்வு ஆனாத்தான் ஒட்டணும் சார். நீங்க போட்ட சர்க்குலர்தான்.”

பாதுகாப்பு அதிகாரி கொஞ்சம் யோசித்தார். பிறகு சொருகாமலே அளந்தார். மூன்றிலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. மூன்றுக்கும் பத்துக்குப் பத்து.

“இந்த மாதிரி அமைதியான சாதனங்கள நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல” என்றார். “சத்தம்தான் காதுக்கு முதல் எதிரி. தொழிலாளி காது கம்பெனியோட சொத்து.”

கம்பிக்காரருக்குப் பொறுக்கவில்லை. “சார், சத்தம் வர்றதுக்குத்தான் சார் ஆம்ப்பே.”

“அப்ப ஆபத்துன்னு நீயே ஒத்துக்கிறே” என்று குறித்துக்கொண்டார் பாதுகாப்பு அதிகாரி.

அடுத்தது விழுசோதனை. எங்கள் பவுண்டரியில் எந்தச் சாமானையும் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அறிவிப்புப் பெட்டியைப் போட்டார்கள். மன்றத்துத் தரையில் இரண்டு ஓடு உடைந்தது. பெட்டிக்கு முழு மதிப்பெண். வாய்க்குழாய் உருண்டுபோய் ஸ்டோர் கீப்பர் காலடியில் நின்றது. அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு எட்டுப் போட்டார்கள். குட்டி ஆம்பைப் போட்டபோது ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். ஓடு உடையவில்லை, ஆம்பும் உடையவில்லை.

“விழுந்துச்சா?” என்றார் நலத்துறை அதிகாரி.

“விழுந்துச்சு சார். கீழ கெடக்கு பாருங்க.”

“விழுந்த மாதிரியே தெரியலையே. எதுக்கும் நாலு போடுங்க.”

மதிப்பெண்படி அறிவிப்புப் பெட்டிதான் முதலிடம். ஆனால் அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. பாதுகாப்பு தினத்துக்குப் பெரிய மேனேஜர் பேனர் அடிக்கச் சொல்லிவிட்டார். ‘முதுகைக் காப்போம். தொழிலாளிக்குக் கையடக்க ஆம்ப் வழங்கும் விழா’ என்று இருபதடியில் அச்சாகி வந்தும் விட்டது. பேனரைத் திருத்துவதைவிட மதிப்பெண்ணைத் திருத்துவது சுலபம். மூன்று கூட்டத்தில் திருத்தி முடித்தார்கள். கம்பிக்காரர் கேட்ட ஆம்பே தேர்வானது.

அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு நுழைந்தாராம். “வந்துருச்சுடி. நானூறு கிராம்.”

“கையில வரட்டும். அப்புறம் பல்லக் காட்டுங்க” என்றார் மனைவி.

வந்தது. ஒரு புதன்கிழமை, கடைக்காரரின் வேனில், தீப்பெட்டிக் கட்டு மாதிரி ஓர் அட்டைப் பெட்டியில். வேன் எடைமேடையில் ஏறியது. சாமான் இறக்கும் இடத்தில் பெட்டியை இறக்கிவிட்டுக் காலி வேன் மறுபடி ஏறியது. எடைமேடைக் குமாஸ்தா கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“முதல் எடை ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது. காலி எடை ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது. சரக்கு வரல.”

கம்பிக்காரர் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். “இதோ இருக்குங்களே.”

“இருக்கு. நான் இல்லன்னு சொல்லல. வரலன்னு சொல்றேன்.”

எங்கள் எடைமேடை இருபது கிலோவுக்குக் கீழே எதையும் கண்டுகொள்ளாது. அதன் முள் இருபது இருபதாகத்தான் தாவும். இரும்பு நிறுக்கிற மேடை, அதன் குணம் அது. குமாஸ்தாவும் அதைப் போலவே நேர்மையானவர், சீட்டில் விழாததை வாயால் சொல்ல மாட்டார்.

இரண்டாவது முறை காலி வேனை எடை போட்டபோது டிரைவர் தண்ணீர் குடிக்க இறங்கிப் போயிருந்தார். வித்தியாசம் எண்பது கிலோ காட்டியது.

“வந்துருச்சு!” என்றான் கூட வந்திருந்த மச்சினன். “எண்பதுன்னே போட்டுக்கங்க.”

“போட்டுக்கலாம்” என்றார் குமாஸ்தா. “ஆனா எண்பது கிலோவ ஸ்டோர்ல ஒப்படைக்கணும். டிரைவர் ஒத்துக்குவாரா?”

டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இன்னும் இரண்டு கடைக்குப் போக வேண்டியிருந்தது.

அட்டைப் பெட்டி மூன்று நாள் காவலர் மேசையில் கிடந்தது. ஸ்டோருக்குள் போக முடியாது, ஏனென்றால் அது வரவில்லை. கடைக்குத் திருப்பி அனுப்பவும் முடியாது, வராததை எப்படித் திருப்புவது? கம்பிக்காரர் காலையிலும் மாலையிலும் அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி. பாதுகாப்பு தினத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மன்றத்து ஓரத்தில் பழைய முப்பத்தொரு கிலோ பெட்டி உடைந்த கைப்பிடியோடு காத்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் நலத்துறை அதிகாரி ஒரு தீர்வோடு வந்தார். எல்லா மேதைகளின் தீர்வையும் போல அதுவும் எளிமையானது.

“நாம யாரு? பவுண்டரி. எடை இல்லைன்னா வார்த்துக்க வேண்டியதுதானே!”

வார்த்தார்கள். மர அச்சுப் பிரிவில் இரண்டு பேர் மூன்று நாள் இழைத்தார்கள். குட்டி ஆம்ப் உள்ளே உட்காருகிற மாதிரி ஒரு வார்ப்பிரும்புக் கூடு, இரண்டு விரற்கடைத் தடிமன், கம்பெனி முத்திரையோடு. மேல்மூடியில் ‘முதுகைக் காப்போம்’ என்று புடைப்பு எழுத்து. வயர்கள் போக ஓர் ஓட்டை. நாலு போல்ட். போல்ட் போட்டு முறுக்கியவன் மச்சினன்தான். முறுக்கும்போது மாமா முகத்தை அவன் பார்க்கவில்லை.

வேனில் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினார்கள். வித்தியாசம் நாற்பது. குமாஸ்தா முத்திரை குத்தினார். “சரக்கு வந்துருச்சு. வாழ்த்துகள்.” ஸ்டோர் கீப்பர் கூட்டின் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டினார்.

“சார்,” என்றார் கம்பிக்காரர், “இத நான் எப்படி சார் தூக்குவேன்?”

நலத்துறை அதிகாரிக்கு மனசு புண்பட்டுவிட்டது. “உன் முதுகுக்காக உலையில ராத்திரி பகலா வேலை நடந்திருக்கு. நன்றின்னு ஒரு வார்த்த வந்துச்சா? இது கையடக்கம்ப்பா. ஆவணத்துல கையடக்கம்னுதான் இருக்கு. தூக்க முடியலைன்னா அது உன் உடம்புல இருக்கிற குறை. அதக் கொண்டுபோய்ச் சாதனத்து மேல போடாத.”

“பழைய பொட்டியே முப்பத்தொரு கிலோதான் சார்.”

“பாத்தியா! ஒன்பது கிலோ உனக்குக் கூடுதலா வாங்கித் தந்திருக்கேன். சொன்னேன்ல, நான் தொழிலாளி பக்கம்னு.”

கம்பிக்காரர் இதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் மச்சினன் அக்காவிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன். அன்றிரவு கிட்டார் மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே அவர் மனைவி சொன்னாராம்: “விழாவுக்குக் குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காங்கல்ல? வர்றேன். முதல் வரிசையில உக்கார்றேன்.” அதுதான் கம்பிக்காரருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

பாதுகாப்பு தினம். மன்றம் நிரம்பியிருந்தது. இருபதடிப் பேனரும், அதற்குக் கீழே எப்போதும் இருக்கும் எச்சரிக்கைப் பலகைகளும்: கவனம் சிதறினால் கை சிதறும். அளவுக்கு மீறிச் சுமக்காதே. மேடையில் சிவப்புத் துணி போர்த்திய மேசை மேல் கூடு. அதைக் கொண்டுவந்து வைத்த நாலு ஒப்பந்தத் தொழிலாளர்களை மேடையிலிருந்து இறங்கக் கூடாது என்று சொல்லி, மேசைக்குப் பின்னால் குனிய வைத்திருந்தார்கள். புகைப்படத்துக்காகப் பெரிய மேனேஜர் அதைத் தூக்கிக் கொடுப்பது போல நிற்கும்போது, அந்த நாலு பேரும் துணிக்குப் பின்னாலிருந்து தாங்க வேண்டும்.

நலத்துறை அதிகாரி பேசினார். “இந்த நிறுவனம் தொழிலாளியின் முதுகிலே நிற்கிறது...” கைதட்டலுக்காக நிறுத்தினார். யாரும் தட்டவில்லை. எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம்தான். “...ஆகவே அந்த முதுகைக் காப்பது நம் கடமை. நானூறு கிராமாக வந்த ஒரு ஏழைச் சாதனத்தை, இன்று நாற்பது கிலோவாக வளர்த்து ஆளாக்கியிருக்கிறோம்!”

கம்பிக்காரரை மேடைக்கு அழைத்தார்கள். பெரிய மேனேஜர் கூட்டின் ஒரு மூலையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் நாலு பேர் மூச்சைப் பிடித்தார்கள். கூடு மேசையிலிருந்து நாலு விரற்கடை எழும்பியது.

“அடியில கை குடுங்க” என்றார் புகைப்படக்காரர். “ஆங்... இன்னும் கொஞ்சம் குனிங்க. முதுகு தெரியணும், அதானே தலைப்பு.”

கம்பிக்காரர் குனிந்தார். கைகளை அடியில் கொடுத்தார். துணிக்குப் பின்னால் யாருக்கோ கை நழுவியிருக்க வேண்டும், பாரம் ஒரு பக்கமாக அவர் கைக்கு இறங்கியது.

“ஏங்க.”

முதல் வரிசையிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. சத்தமாகக்கூட இல்லை. ஆனால் ஆம்ப் இல்லாமலே மன்றத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

கம்பிக்காரர் கையை எடுத்துவிட்டார். கூடு ‘தொம்’மென்று மேசையில் உட்கார்ந்தது. பெரிய மேனேஜர் இரண்டு விரலையும் சரியான நேரத்தில் இழுத்துக்கொண்டார். பாதுகாப்பு தினத்தில் அன்று நடந்த ஒரே பாதுகாப்பான காரியம் அதுதான்.

“என்னப்பா இது?” என்று பல்லைக் கடித்தார் நலத்துறை அதிகாரி.

“மன்னிக்கணும் சார். டாக்டர் சீட்டுல அஞ்சு கிலோதான் இருக்கு.” கம்பிக்காரர் திரும்பி, மேடைக்குக் கீழே டிரம்ஸோடு உட்கார்ந்திருந்த மச்சினனைப் பார்த்தார். “மாப்ள, ஸ்பானர் வச்சிருக்கியா?”

ஃபிட்டரிடம் கேட்கிற கேள்வியா அது? மச்சினன் பையிலிருந்து எடுத்து மேடைக்கு நேராக வீசினான். நாலு போல்ட். ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசையாக மேனேஜர் முன்னால் வைத்தார். ‘முதுகைக் காப்போம்’ மூடியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, உள்ளேயிருந்து பாதிச் செங்கலை எடுத்தார். ஒரு கையால். மண் ஒட்டாமல் கிழங்கு எடுக்கிற மாதிரி. நடந்துபோய்த் தன் பெடல் பலகையின் ஓரத்தில், அதற்காக மாதக்கணக்கில் காலியாக விட்டிருந்த இடத்தில் வைத்தார்.

“அதுல ஸ்டிக்கர் இல்ல!” என்று எழுந்தார் பாதுகாப்பு அதிகாரி. “ஸ்டிக்கர் கூட்டுலதான் இருக்கு! சொருகக் கூடாது!”

எலெக்ட்ரீஷியன் வயரைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக வந்தார். அதைக் காலிக் கூட்டின் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மேல்பக்கமாக வெளியே இழுத்து, ஆம்பில் மாட்டினார். “கரண்ட் ஸ்டிக்கர் ஒட்டின சாதனத்துக்குள்ள போயிட்டுத்தான் சார் வருது” என்றார். “சர்க்குலர்ல அவ்வளவுதான் இருக்கு.”

கம்பிக்காரர் ஒரு கம்பியைத் தட்டினார். சுவரிலிருந்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் விழித்துக்கொண்டன. குழு ஒரு மணி நேரம் வாசித்தது. நடுவில் பெரிய மேனேஜர் எழுந்து போய்விட்டார். மேசைக்குப் பின்னால் குனிந்திருந்த நாலு பேரையும் நிமிரலாம் என்று சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர்களாகவே நிமிர்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்குப் போகும்போது கம்பிக்காரர் ஆம்பைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்கூட்டரில் மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தார். எடைமேடையில் ஏறி இறங்கினார்கள்.

மறுவாரம் விசாரணை. நிறுவனச் சொத்தைப் பிரித்து, ஒரு பகுதியோடு கம்பி நீட்டிய குற்றம். நலத்துறை அதிகாரியே விசாரணை அதிகாரி, புகார் கொடுத்தவரும் அவரே என்பதால் நேரம் மிச்சம். கம்பிக்காரர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு எடைமேடைக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்கள்.

“விழா அன்னைக்கு இவர் ஆம்பை வெளியே எடுத்துப் போனாரா இல்லையா?”

குமாஸ்தா சீட்டுகளை எடுத்து வைத்தார். “வரும்போது புருஷன் பொண்டாட்டியோட ஸ்கூட்டர் இருநூத்தி நாப்பது. போகும்போது இருநூத்தி நாப்பது. எதுவும் வெளியே போகலைங்க.”

“யோவ், இப்ப அவர் மடியில இருக்குய்யா! எல்லாரும் பாக்கிறோம்!”

“நானும் பாக்கிறேங்க. இருக்கு. ஆனா போகல.”

நலத்துறை அதிகாரி நெற்றியைத் துடைத்தார். எடைமேடை தவறு என்று எழுதினால், இந்தப் பவுண்டரி தொடங்கிய நாளிலிருந்து உள்ளே வந்த, வெளியே போன எல்லாமே தவறு என்று ஆகிவிடும். எல்லோருடைய சான்றிதழ் டன்னும், அவருடைய பதவி உயர்வும் அதில் அடக்கம். பேனாவை எடுத்து எழுதினார்: சாதனம் வெளியே செல்லவில்லை. நாற்பது கிலோ எடையுடன் ஸ்டோரில் பத்திரமாக உள்ளது. மேலும் நடவடிக்கை தேவையில்லை.

இப்படித்தான் கம்பிக்காரருக்குக் கையடக்க ஆம்ப் கிடைத்தது. வாரா வாரம் ஒத்திகைக்கு அதைப் பையில் போட்டுக்கொண்டு எடைமேடையைக் கடந்து வருகிறார், கடந்து போகிறார். பதிவுப்படி அது வந்ததே இல்லை, போனதும் இல்லை. கிட்டார் இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. பழைய முப்பத்தொரு கிலோ பெட்டியை மட்டும் அவர் மனைவி எடைக்குப் போட்டுவிட்டார்.

காலிக் கூட்டை நிறுவனம் கைவிடவில்லை. ஒவ்வொரு பாதுகாப்பு தினத்துக்கும் முன்னால் பாதுகாப்பு அதிகாரி அதன் சத்தத்தை அளக்கிறார். இரண்டு வருஷமாகப் பத்துக்குப் பத்து. சிறந்த பாதுகாப்புச் சாதனம் என்ற பரிசைத் தொடர்ந்து வாங்குகிறது. பரிசு வாங்க மேடைக்கு அதுவாக ஏறி வராது என்பதால், நாலு ஒப்பந்தத் தொழிலாளர்கள் தூக்கி வருகிறார்கள்.

இந்த வருஷம் அந்த நாலு பேரில் ஒருவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நிமிர முடியவில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு டாக்டர் சீட்டு கிடையாது. ஆனால் நலத்துறை அதிகாரி நல்ல மனிதர். ஓடி வந்து, குனிந்து, அவர் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

முதல் கட்டம்: எடை, டன்னில்.